புதிதாய்ச் செய்த பழசு

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஓர் ஆடி மாதத்தில் ஆரம்பித்தது இது. ஒரகடத்திலிருந்து படப்பை போகிற சாலையில், சேரப்பணஞ்சேரிக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே தள்ளி ஒரு கம்பெனி இருக்கிறது. இரும்புத் தகட்டைப் பிரஸ் மெஷினில் அடித்து, கார்களுக்கான சின்னச் சின்ன பாகங்களைச் செய்து கொடுப்பார்கள். என் வீட்டுக்காரர் அங்கே காண்ட்ராக்டில் வேலை பார்த்தார். ஒருநாள் காலை ஷிஃப்டில், அச்சுக்குள் சிக்கிக்கொண்ட தகட்டை எடுக்கக் கையை விட்டார். மெஷின் இறங்கிவிட்டது. வலது கையில் கட்டை விரலைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை.

அந்த மெஷினுக்கு அவரை மாற்றிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. வழக்கமாக நிற்பவர் லீவு என்று இவரை அங்கே நிறுத்தியிருந்தார்கள். இந்த மாதிரி மெஷின்களில் முன்பக்கம் ஒரு சென்சார் இருக்க வேண்டும். கையோ வேறெதுவோ குறுக்கே வந்தால் மெஷின் தானாகவே நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்ததும் அவர் என்னிடம் சொன்ன முதல் வார்த்தையே, "அதுல சென்சார் இல்லடி" என்பதுதான்.

கட்டுப் பிரித்த பிறகு நாங்கள் இருவரும் கம்பெனிக்குப் போனோம். மேனேஜர் மரியாதையாகத்தான் பேசினார். என் வீட்டுக்காரரை மட்டும் உள்ளே அழைத்துப்போய் மெஷினைக் காட்டினார்கள். திரும்பி வந்தவருடைய முகத்தில் ரத்தமே இல்லை. மெஷினில் சென்சார் இருந்ததாம். புதிது இல்லையாம். எண்ணெயும் தூசியும் ஏறி, மாட்டியிருந்த இரும்புப் பட்டையெல்லாம் துருப் பிடித்து, வருடக்கணக்காக அங்கேயே இருந்தது போல இருந்ததாம். "இது இருக்கும்போது எப்படிப்பா கை உள்ள போகும்? நீ ஆஃப் பண்ணிட்டு வேலை செஞ்சிருக்கே" என்று சொல்லியிருக்கிறார்கள். ஆய்வுக்கு வந்த அதிகாரியும் பார்த்துவிட்டுப் போயாகிவிட்டது. தொழிலாளியின் கவனக்குறைவு என்று முடித்துவிட்டார்கள்.

கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டோம். எல்லாரும் காண்ட்ராக்ட். ஒருவர் மட்டும், "எனக்கு சரியா ஞாபகம் இல்லண்ணா" என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

கை போனதைவிட அதற்கப்புறம் நடந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அவருக்குத் தன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. முதலில், "இல்லவே இல்ல" என்றார். பிறகு, "நான் கவனிக்கலியோ?" என்றார். தீபாவளி நெருங்கும்போது, "நான்தான் இன்னாவோ பண்ணிகினேன் போல கீது" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். சொந்தக்காரர்கள் வந்தால் அவர்கள் கேட்பதற்கு முன்பே, "என் தப்புதான், அசந்து தூங்கிட்டேன் போல" என்பார். பள்ளிக்கூடம் கிளம்புகிற எங்கள் பெண்ணிடம், "ரோட்டப் பாத்து கிராஸ் பண்ணு. அப்பா மாதிரி இருக்காத" என்பார். அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தலையாட்டிவிட்டுப் போவாள். நான் அடுப்படியில் நின்று பல்லைக் கடித்துக்கொள்வேன்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனியிலிருந்து ஆள் வந்தது. முதலாளி மனம் இரங்கி எனக்கு ஒரு வேலை தருகிறாராம். கல்யாணத்துக்கு முன்பும் பிறகும் இருங்காட்டுக்கோட்டையில் கார் சீட் தைக்கிற கம்பெனியில் இருந்தவள் நான். அது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நான் கையெடுத்துக் கும்பிட்டேன். பொய் சொல்ல மாட்டேன், அன்றைக்கு அவரைத் தெய்வம் என்றுதான் நினைத்தேன்.

வேலை கம்பெனிக்குள் இல்லை. அதே காம்பவுண்டின் பின்பக்கம், ஏசி போட்ட பெரிய ஷெட். முதலாளிக்குப் பழைய கார்கள் என்றால் உயிர். அங்கே நடுவில், சக்கரம் எல்லாம் கழற்றி, எலும்புக்கூடு மாதிரி ஒரு கார் நின்றது. இரண்டே கதவு. நீளமான மூக்கு. அமெரிக்காவில் ஐம்பது வருடங்களுக்கு முன்னால் வேகத்துக்கென்றே செய்த கார். 'மசில் கார்' என்பார் முதலாளி. லாரி இன்ஜின் போலப் பெரிய இன்ஜினைத் தனியாக ஒரு ஸ்டாண்டில் வைத்திருந்தார்கள். யாரோ வெளிநாட்டுக்காரர் விட்டுப்போய், ஏதோ பங்களாவில் கோழி அடைந்துகொண்டிருந்த காராம்.

அதைப் பளபளவென்று ஆக்குவது அவருக்கு நோக்கமில்லை. அந்தக் கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்த அன்று எப்படி இருந்ததோ, அச்சு அசலாக அப்படியே இருக்க வேண்டும். போல்ட்டுக்கு என்ன நிறம், எந்தப் பக்கம் பெயின்ட் கொஞ்சம் வழிந்திருந்தது, செக் பண்ணியவர் எந்த இடத்தில் சாக்பீஸால் கோடு போட்டார் என்பதெல்லாம் அதே மாதிரி வரவேண்டும். நான் முதல் சீட்டைத் தைத்து முடித்தேன். பழைய உறையில் ஒரு தையல் கோணலாக ஓடியிருந்தது. நான் நேராக்கியிருந்தேன். முதலாளி வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். "அந்தக் காலத்துல தைச்சவங்க கோணலாத்தான் தைச்சாங்கம்மா. நீ யாரு அதை மாத்த?" என்றார். பிரித்துவிட்டு மறுபடியும் கோணலாகத் தைத்தேன். பழைய கம்பெனியில் ஒரு தையல் கோணினால் திட்டு வாங்கியே பழகியவளுக்கு அது பெரிய வேடிக்கையாக இருந்தது. வீட்டில் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு அவரும் சிரித்தார்.

கதவின் உட்பக்கத்தைத் திறந்தபோது, தகடு சேரும் இடத்தில் பூசியிருந்த பசையில் ஒரு கட்டை விரல் ரேகை பதிந்திருந்தது. எந்தத் தொழிலாளியோ ஈரம் காய்வதற்குள் அழுத்தியிருக்கிறார். முதலாளி அதை டார்ச் அடித்துப் பார்த்துக் கண் கலங்கினார். நிஜமாகவே கலங்கினார். அதன் மேல் யாரும் கை வைக்கக் கூடாது என்று கண்ணாடித் தாள் ஒட்டிவிட்டுப் போனார்.

ஷெட்டில் என்னைத் தவிர இன்னும் நான்கைந்து பேர் இருந்தார்கள். பெயின்டர் ஒருவர், தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். எல்லாரும் அண்ணாச்சி என்போம். காரில் எந்த இடம் அசலாகத் தப்பியிருக்கிறதோ அங்கே கை வைக்கக் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. ஆனால் அந்த இடத்தில் ஒரு கொக்கியோ பட்டையோ உடைந்திருந்தால் புதிதாகச் செய்து மாட்டித்தானே ஆக வேண்டும்? மாட்டியதும் அது பக்கத்தில் இருக்கிற பழசோடு பழசாகத் தெரிய வேண்டும். அது அண்ணாச்சியின் வேலை. வினிகரும் உப்பும் போட்டுப் புது இரும்பின் மினுமினுப்பை எடுப்பார். துரு ஏற்றுவார். பழைய கிரீஸில் பட்டறைத் தூசியைக் குழைத்துப் பூசுவார். அது காய்வதற்குள் கோணிச் சாக்குத் துண்டால் ஒத்தி எடுப்பார். அழுக்கு திட்டுத் திட்டாக, இயற்கையாக நிற்கும். உற்றுப் பார்த்தால் மட்டும் சாக்கின் நெசவு லேசாகத் தெரியும்.

என்னிடம் அவர் ரொம்பப் பிரியமாக இருந்தார். ஊருக்குப் போய்விட்டு வந்தால் கருப்பட்டியும் மிக்சரும் எனக்குத் தனிப் பொட்டலம். "வீட்டுக்காரரு எப்படி இருக்காவ தாயி? கை வலி தேவலையா?" என்று அடிக்கடி கேட்பார். நம்ம அண்ணன் தம்பிகூட இப்படி விசாரிக்கவில்லையே என்று நினைத்துக்கொள்வேன்.

பங்குனி வெயிலில் ஒருநாள், சீட்டின் அடியில் வருகிற கிளிப் ஒன்று பிரஸ் ஷாப்பில் தயாராகியிருக்கிறது, போய் வாங்கி வா என்று என்னை அனுப்பினார்கள். அதுவரை நான் அந்தக் கட்டடத்துக்குள் காலை வைத்ததில்லை. வைக்க மனசு வரவில்லை. போன நேரம் டீ இடைவேளை. மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. கிளிப் கொடுத்த ஆளிடம் எந்த மெஷின் என்று கேட்டேன். அவருக்கு என்னைத் தெரியும். கையை நீட்டிக் காட்டிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.

போய் முன்னால் நின்றேன். என் வீட்டுக்காரர் நின்ற இடத்தில் நின்றேன். சென்சார் இருந்தது. அவர் சொன்னபடியே பழசாக, அழுக்காக, அது மாட்டியிருந்த பட்டை துருப் பிடித்து. இவ்வளவு கண்ணுக்கு நேராக இருந்ததை விட்டுவிட்டாரே என்று அவர் மேல் எனக்குக் கோபம்கூட வந்தது. அழுதுவிடுவேனோ என்று பட்டையைப் பிடித்துக்கொண்டு குனிந்தேன். அப்போதுதான் பார்த்தேன். அழுக்கின் மேல் மெல்லிசாகக் கட்டம் கட்டமாக ஒரு பதிவு. சாக்கு நெசவு.

பட்டையின் பின்பக்கம் விரலை விட்டுத் தடவினேன். பிரஸ் மெஷின் என்றால் எண்ணெய் எல்லாப் பக்கமும் தெறிக்கும். வருடக்கணக்காக அங்கே இருக்கிற பொருள் என்றால் பின்னால் இருக்கும் சந்தில்தான் அது கெட்டியாகப் படிந்து கிடக்கும். மெஷினின் மற்ற இடுக்கெல்லாம் அப்படித்தான் கிடந்தது. இந்தப் பட்டையின் பின்னால் மட்டும் என் விரலில் எண்ணெய் லேசாகத்தான் ஒட்டியது. தலையைச் சாய்த்துப் பார்த்தேன். பின்பக்க இரும்பு புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. வெளியே தெரிகிற பக்கத்தை மட்டும்தான் பழசாக்கியிருந்தார்கள்.

போன் இருந்தால் படம் எடுத்திருப்பேன். கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். கிளிப்பைக் கையில் இறுக்கிக்கொண்டு ஷெட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அண்ணாச்சி தனியாக இருந்தார். சுற்றி வளைக்கவில்லை. "பிரஸ் மெஷின்ல சென்சார் பட்டைக்கு நீங்கதானே துரு ஏத்துனீங்க?" என்றேன். கையிலிருந்த பிரஷ்ஷைக் கீழே வைத்தார். பிறகு தலையைத் தூக்காமலேயே சொன்னார்.

"அடிபட்ட மறுநாள் காலையில வந்து கூப்ட்டாவ தாயி. புது சென்சார் மாட்டியிருந்திச்சு. பழசு மாதிரி ஆக்கிக் கொடுன்னாவ. என்ன ஏதுன்னு நான் கேக்கல. கேட்டா வேல இருக்குமா? யாரு கைன்னு நீ இங்க வந்த பொறவுதான் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்ச அப்புறமாவது சொல்லியிருக்கலாமே அண்ணாச்சி. அந்த மனுசன் தன்னையே திட்டிகினு கீறாரு வூட்ல."

"எம்மவளுக்குக் கல்யாணம் வச்சிருக்கேன்" என்றார். கருப்பட்டி ஏன் வந்தது, கை வலி ஏன் விசாரிக்கப்பட்டது என்று அந்த நிமிஷம் எனக்குப் புரிந்தது. அவரைத் திட்டக்கூட எனக்கு வாய் வரவில்லை.

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். காரின் கதவு என் பக்கத்திலேயே ஸ்டாண்டில் நின்றது. கண்ணாடித் தாளுக்குள் அந்த விரல் ரேகை. எங்கேயோ ஒரு தேசத்தில், எந்தக் காலத்திலேயோ வேலை பார்த்த ஒருவருடைய விரலுக்கு இங்கே ஏசி. பெயின்ட் கரைக்கிற தின்னரில் நனைத்த துணியைக் கையில் எடுத்துவிட்டேன். ஒரு துடைப்புத் துடைத்தால் போதும். ஆனால் அந்த ஆள் எனக்கு என்ன கெடுதல் செய்தார்? அவரும் எங்களை மாதிரி ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போயிருப்பார். துணியைத் தூரப் போட்டேன்.

சாயங்காலம் மண்ணூரில் எங்கள் வீட்டுக்குப் போனதும் அவரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நம்பவில்லை.

"இன்னா சொல்ற நீ? நல்லாப் பாத்தியா?"

"கைய வுட்டுத் தடவிப் பாத்தேன். பின்னால புதுசு. அண்ணாச்சியே ஒத்துக்கினாரு."

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னார். சொன்னேன். இன்னொரு முறை கேட்டார். மூன்றாவது முறை சொல்லி முடிக்கும்போது, கட்டை விரல் மட்டும் இருக்கிற அந்தக் கையை முகத்தில் வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆஸ்பத்திரியில்கூட அவர் அப்படி அழவில்லை. "நான் தூங்கல. நான் எதையும் ஆஃப் பண்ணல" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்குத் தெரியும் என்றேன். அது முழு உண்மை இல்லை. அன்று மத்தியானம் டீ இடைவேளை வரைக்கும் எனக்கும் தெரியாது.

மறுநாள் வேலைக்குப் போனேன். போக வேண்டாம் என்றுதான் அவர் சொன்னார். முதலாளி முகத்தைப் பார்க்க வேண்டும் என்று இருந்தது எனக்கு. பத்து மணி வாக்கில் வந்தார். நேராகக் கதவிடம் போய், டார்ச் அடித்து, அந்த விரல் ரேகையைக் குனிந்து பார்த்தார். கூட வந்திருந்த நண்பரிடம், "இந்தக் காருக்கே உயிர் இதுதான்" என்றார்.

நான் பக்கத்தில் போய் நின்றேன். "சார், எங்க வூட்டுக்காரரு மெஷின்ல சென்சார் எப்ப சார் மாட்டுனது?" என்று கேட்டேன்.

அவர் டார்ச்சை அணைத்தார். முகம் கொஞ்சம்கூட மாறவில்லை. எப்போதும் பேசுகிற அதே மெதுவான குரலில், "அது எப்பவுமே இருந்ததும்மா" என்றார். நண்பரை அழைத்துக்கொண்டு இன்ஜின் பக்கம் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானமே என் கேட் பாஸை வாங்கிக்கொண்டார்கள்.

தொழிற்சாலை ஆய்வு அலுவலகத்துக்கு நாங்கள் இருவரும் போனோம். அங்கே ஒரு பெண் அதிகாரி பொறுமையாகத்தான் கேட்டார். முடிந்துபோன விஷயம் என்றார். ஆனாலும் ஒருமுறை போய்ப் பார்ப்பதாகவும், யாராவது சாட்சி சொல்ல வந்தால்தான் நிற்கும் என்றும் சொன்னார். அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். எடுக்கவே இல்லை. ஊருக்கே போய்விட்டதாக ஷெட்டில் இருந்தவர்கள் சொன்னார்கள். நாங்கள் போய் வந்த பிறகு, அதிகாரி போவதற்குள், பிரஸ் ஷாப்பில் அத்தனை மெஷினையும் கழுவித் துடைத்துப் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்துவிட்டார்கள். பட்டையும் பச்சை, முன்னால் பின்னால் எல்லாம் பச்சை. அதிகாரி அதைப் பார்த்துவிட்டு வந்து, "நான் என்னம்மா செய்ய?" என்றார். அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

அந்தக் கார் முடிந்துவிட்டதாம். எங்கேயோ கண்காட்சியில் வைத்து, இந்தியாவிலேயே இவ்வளவு அசலாக யாரும் செய்ததில்லை என்று பரிசு கொடுத்தார்களாம். கூட வேலை பார்த்த ஒரு பெண் போனில் படம் அனுப்பினாள். சிவப்புக் கார். கண்ணாடி வழியாக நான் தைத்த சீட் தெரிந்தது. பெரிதாக்கிப் பார்க்கவில்லை. அழித்துவிட்டேன்.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு கடையில் ஆட்டோக்களுக்கும் வேன்களுக்கும் சீட் கவர் தைக்கிறேன். அவர் பஸ் ஸ்டாண்டு பக்கம் டூவீலர் ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறார். இடது கையால் எழுதப் பழகிவிட்டார். கம்பெனிகளுக்கு ஷிஃப்ட் போகிற பிள்ளைகள் வண்டி விடும்போது அந்தக் கையைப் பார்ப்பார்கள். போன மாதம் நான் சாப்பாடு கொண்டுபோயிருந்தபோது புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவன், "இன்னாண்ணே, தூங்கிட்டீங்களா?" என்று விளையாட்டாகக் கேட்டான். அவர் டோக்கனைக் கிழித்து அவன் கையில் வைத்தார்.

"இல்லப்பா. மெஷின்ல சென்சார் இல்ல. எனக்கு அடிபட்ட அப்புறம்தான் மாட்டுனாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை, நடுக்கமும் இல்லை. அவனைப் போகவிடாமல், "உன் மெஷின்ல கீதா? இன்னைக்கு நைட்டு போய் முதல்ல அதைப் பாரு" என்றும் சொன்னார்.

எங்களுக்கு நியாயம் கிடைக்கவில்லை, இனி கிடைக்கும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. ஒரு மனிதனுடைய கையை எடுத்தவர்கள் அவனுடைய ஞாபகத்தையும் சேர்த்து எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிடுகிறேன்; அந்த இரண்டில் ஒன்றையாவது அவருக்கு மீட்டுக் கொடுத்தேன் என்பதை மட்டும் சொல்லித்தான் என்னை நானே சமாதானப்படுத்திக்கொள்கிறேன்.